பலகையில் எழுதிய வீட்டுப் பெயர்

அத்தியாயம் பதினொன்று

படம் வந்தபோது ரங்கூனில் மாலை மணி நான்கு. ஆப்பிரிக்காவில், சாம்பியா நாட்டின் என்டோலா விமான நிலையத்தில், முற்பகல் பதினொன்றரை.

கலா கைப்பேசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொப்பி போட்ட ஒருவன் வெள்ளை அட்டைப் பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அதில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு பெயர்: சுரேந்திரன்.

கீழே கணவன் எழுதியிருந்தான்: 'வந்து சேந்துட்டேன். அழைச்சுப் போக ஆள் வந்திருக்கு. நம்ம பேரை எவ்ளோ பெருசா எழுதியிருக்காங்க பாரு!'

கலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எதிர்க்கரைக்குப் படகில் போனாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடும் மனிதர், மூன்று விமானம் மாறி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். குலதெய்வத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சிரித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். பலகையில் இருந்த பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

க்யிம்யிண்டைங் படித்துறையில் மீன் சந்தைக்கு ஐஸ் போட்டுக் கொடுத்த ஆலை, மின்சாரம் இல்லாமல் மூடிப்போன கதை நமக்குத் தெரியும். அந்த ஆலையின் இயந்திரத்தைப் பதினாறு வருஷம் கட்டி மேய்த்தவன் சுரேந்திரன். ஏழு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, தங்கை கலைமணியின் புருஷன் சுந்தர் ஒரு கடிதம் கொண்டு வந்தான். சுந்தர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தரகன். என்டோலாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, மெக்கானிக் வேலை, தங்க இடம். கடிதம் நிஜம், கிடங்கும் நிஜம் என்று கலா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒப்பாததற்குக் காரணம் சொல்லத் தெரியாமல்தான் முந்தாநாள் அவனை விமானம் ஏற்றி அனுப்பினாள்.

இப்போது காரணம் பலகையில் எழுதியிருந்தது.

பர்மாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குப் பெயர் இரண்டு. கோயிலில் அர்ச்சனை செய்யவும் வீட்டில் அம்மா திட்டவும் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் இன்னொன்று. சர்க்கார் கணக்கில் சுரேந்திரன் என்று ஒரு மனிதனே கிடையாது. அங்கே அவன் ஸோ மின். பாஸ்போர்ட்டில் ஸோ மின், விமானச் சீட்டில் ஸோ மின், கம்பெனி அனுப்பிய கடிதத்திலும் ஸோ மின்தான்.

வீட்டுக்குள்ளேயே இருந்த பெயர் கடல் தாண்டிப் போய்ப் பலகையில் ஏறியது எப்படி?

சுந்தர் ஒரு நாளும் மச்சானை ஸோ மின் என்று கூப்பிட்டதில்லை. யாருக்கோ போன் போட்டு ஆள் வருகிறான் என்று சொன்னபோதும், வாய்ப்பழக்கத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கிறான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சுந்தரின் புளுகு மூன்று விமானம் வரைக்கும் தாங்கியது.

கலா கணவனை அழைத்தாள். இரண்டு தடவை அறுந்து மூன்றாவதில் கிடைத்தது.

"என்னங்க, எங்க நிக்கிறீங்க?"

"கண்ணாடிக் கதவுக்கு உள்ள. அவர் வெளிய வண்டிகிட்ட வரச் சொல்றாரு. பாஸ்போர்ட்டைக் கேக்கறாரு, கேட்டுல காட்டணுமாம்."

"குடுத்துட்டீங்களா?"

"பெட்டியை எடுத்துட்டுக் குடுக்கலாம்னு..."

"குடுக்காதீங்க! வாசலைத் தாண்டாதீங்க!"

"பாவம் கலா, வெயில்ல நிக்கிறாரு."

இதுதான் சுரேந்திரன். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்பவன். முடிவெட்டுகிறவன் காதோரம் கீறிவிட்டாலும் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு வருபவன். முடியாது என்ற சொல்லை முப்பத்தெட்டு வயதில் அவன் வாயிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை.

"அவர் காயட்டும். நான் சொல்றதை ஒண்ணு மட்டும் செய்ங்க. உங்க மப்பொன்டின் பேரு என்னன்னு அவரைக் கேளுங்க. அடையாள அட்டையில இருக்கிற பேரு. கம்பெனி ஆளுன்னா தெரிஞ்சிருக்கும்."

சுரேந்திரன் வாசலுக்கு உள்ளே நின்றபடியே கேட்டான். தொப்பிக்காரன் சிரித்தான், பலகையைத் தட்டிக் காட்டினான். மறுபடி கேட்டதும் சிரிப்பு நின்றது. தன் போனை எடுத்துக்கொண்டு தூரப் போனான்.

"தெரியலை கலா," என்றான் சுரேந்திரன். குரல் இறங்கிவிட்டது.

"நமக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்கயே உக்காருங்க. யார் என்ன சொன்னாலும் அந்தக் கட்டடத்தை விட்டு வராதீங்க."

கலா கடிதத்தை எடுத்தாள். அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அவள் இங்கிலீஷ் லைங் தாயா துணி ஆலையில் கற்றது. சட்டைகளைச் சோதித்து வெளிநாட்டுக்கு ஓலை எழுதி எழுதி வந்த இங்கிலீஷ். அதனால் அவளுக்குத் தெரிந்த மாதிரியே சொன்னாள்: ஸோ மின் இன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டார், விமான நிலையத்தில் இருக்கிறார், தாமதமின்றி வந்து பெற்றுக்கொள்ளவும்.

அந்தப் பக்கத்து மேலாளருக்கு ஆச்சரியம். "நாளைக்குத்தானே? விமானம் ஒரு நாள் தள்ளிப்போனது என்று உங்கள் ஏஜென்ட் நேற்று எழுதியிருந்தாரே!"

கலாவுக்குக் கணக்கு விளங்கியது. கம்பெனி நாளைக்கு வந்து பார்க்கும். ஆள் இருக்க மாட்டான். வரவேயில்லை என்று முடித்துவிடுவார்கள். எல்லைப் பக்கத்துக் கட்டடங்களில் ஆட்களை அடைத்து வைத்து, போனில் ஊரை ஏமாற்ற வைக்கும் சங்கதியை ரங்கூனில் அறியாதவர் யார்? ஆப்பிரிக்காவிலும் அதற்குக் கிளை இருக்கக் கூடாதா என்ன?

கிடங்கு வண்டி வெளியூர் போயிருக்கிறது, வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் மேலாளர்.

இரண்டு மணி நேரம். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதன், அந்நிய ஊரில், ஒரு நாற்காலியில்.

*

என்டோலா நிலையம் புதுக்கட்டடம். கண்ணாடியும் வெளிச்சமுமாகப் பளபளவென்று இருந்தது. ஆனால் சின்ன ஊர். நாளுக்குச் சில விமானங்கள்தான். அடிஸ் அபாபாவிலிருந்து வந்த கூட்டம் அரைமணியில் கலைந்து போனது. உறவினர் கட்டிப்பிடித்தார்கள், பெட்டிகள் உருண்டன, டாக்சிகள் கிளம்பின. பெட்டி வரும் பட்டையும் நின்றது. துடைப்பம் தள்ளும் பெண்ணும், காப்பிக் கடையும், வாசலில் ஒரு காவல்காரியும், சுரேந்திரனும்தான் மிச்சம்.

கண்ணாடிக்கு அப்பால் தொப்பிக்காரனோடு இப்போது இன்னொருவனும் சேர்ந்திருந்தான்.

காப்பிக் கடைக்காரி கூப்பிட்டு இந்தியில் கேட்டாள், இந்தியாவா என்று. பர்மா என்றான். சினிமா பார்த்துக் கற்ற இந்தி, ஆபத்துக்குக் கைகொடுத்தது. அவள் பெயர் ஷிரின். தாத்தா காலத்தில் குஜராத்திலிருந்து வந்த குடும்பம். அவன் பலகையைக் கண்ணால் காட்டினான்.

"அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும்," என்றாள் ஷிரின். "இங்கே வந்து ஆள் அழைத்துப் போவான். ஒருத்தரையாவது திரும்பக் கொண்டுவந்து விமானம் ஏற்றி நான் பார்த்ததில்லை."

சுரேந்திரன் பெட்டியைத் தன் காலருகே இழுத்துக்கொண்டான். அவள் ஒரு காப்பியை வைத்துவிட்டு, கடையின் வைஃபை கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தாள்.

*

ரங்கூனில் ஐந்து மணிக்குச் சுந்தர் மாடியேறி வந்தான். கையில் மாமனாருக்குப் பிடித்த சமூசாப் பொட்டலம். முகத்தில் கோயில் விசேஷத்துக்கு வந்த சிரிப்பு.

மாமனார் ராஜரத்தினம் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். முனிசிபாலிட்டி தண்ணீர்ப் பிரிவில் முப்பது வருஷம் குமாஸ்தா. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பென்ஷன் வரை வந்து சேர்ந்தவர். மகனுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

"என்ன தங்கச்சி, மச்சானைக் குழப்பி விட்டுட்டியாமே?" என்றான் சுந்தர். "அங்க ஆளு காத்துக் கெடக்கறான்."

"உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

"வந்த டிரைவருதான் போன் பண்ணாரு."

"கம்பெனி டிரைவரு கம்பெனிக்குல்ல போன் பண்ணணும்? உங்களுக்கு எதுக்குப் பண்றாரு? கம்பெனி ஆளுங்க நாளைக்குத்தான் வர்றதா இருந்தாங்க. விமானம் தள்ளிப் போச்சுன்னு எழுதினது நீங்கதானே?"

சுந்தரின் சிரிப்பு அப்படியே நின்றது, கரண்ட் போன மின்விசிறி மாதிரி.

"என்னம்மா பேசற?" என்றார் ராஜரத்தினம். "மாப்பிள்ளையைப் பாத்து..."

"மாமா, இந்தப் படத்தைப் பாருங்க. பலகையில என்ன பேரு?"

"சுரேந்திரன். ஏன், என் மகன் பேருதானே?"

"அந்த ஊருல அந்தப் பேரு யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க."

முப்பது வருஷம் காகிதம் பார்த்த மனிதர். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரியாமல் இருக்கத்தான் பாடுபட்டார்.

சுந்தர் குரலைத் தாழ்த்தினான். "மாமா, சுத்தி வளைக்க வேணாம். மச்சான் இன்னிக்கு அந்த வண்டியில ஏறலைன்னா எனக்கு மேல இருக்கறவங்க என்னை விடமாட்டாங்க. அப்புறம் கலைமணி பொட்டியைத் தூக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிப்பா. அவளை வாழ வைக்கிறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க."

கிழவர் மருமகளைப் பார்க்காமல் கை நீட்டினார். "போனைக் குடும்மா."

"மாமா!"

"குடு. பொட்டப்புள்ளை வாழ்க்கை."

கலா கொடுத்தாள். ஆனால் கணவனை அழைத்து, ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுத்தான் கொடுத்தாள். கேட்கட்டும், எல்லோரும் கேட்கட்டும்.

"டேய் சுரேந்திரா. அப்பா பேசறேன். மாப்பிள்ளை அனுப்பின ஆளோட போய்ச் சேருப்பா. தங்கச்சியை நெனச்சுப் பாரு."

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் ஓசை கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் அதட்டினார்கள்.

"அப்பா, ரெண்டு பேரும் உள்ள வந்துட்டாங்க. என் பொட்டியைப் புடிச்சு இழுக்கறாங்க."

"போய்டுப்பா," என்றார் ராஜரத்தினம். குரலில் அழுகை கலந்திருந்தது.

"உக்காருங்க!" என்று கத்தினாள் கலா. "பொட்டி மேல உக்காருங்க! ஐஸ் பார் தூக்கின ஒடம்பு உங்களுது. உங்களை யாரு தூக்கறாங்கன்னு பாக்கறேன்!"

சுந்தர் போனைப் பிடுங்க வந்தான். கலா நடுவில் நின்றாள்.

அப்போதுதான் அது கேட்டது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு ஒரு விமான நிலையமே கொள்ளவில்லை.

"முடியாது!" தமிழில் ஒரு தடவை. "மயாபூ!" பர்மியத்தில் ஒரு தடவை. "நோ! நோ! நோ!" அந்த ஊருக்குப் புரியும்படி மூன்று தடவை. கூடவே ஷிரின் காவல்காரியைக் கூவி அழைப்பதும், பூட்ஸ் கால்கள் ஓடி வருவதும் கேட்டது.

சத்தம் அடங்க ஒரு யுகம் ஆனது போலிருந்தது.

"அப்பா," என்றான் சுரேந்திரன், மூச்சு வாங்க. "பொட்டி மேலதான் உக்காந்திருக்கேன். போலீஸம்மா பக்கத்துல நிக்கறாங்க. அவனுங்க ஓடிட்டானுங்க. மன்னிச்சுக்கங்கப்பா, நீங்க சொல்லி நான் தட்டினதில்லை. ஆனா இதுக்கு முடியாதுப்பா. தங்கச்சியை நான் பாத்துக்கறேன். கஞ்சியோ கூழோ, என்னோட இருக்கட்டும்."

ராஜரத்தினம் போனை மருமகள் கையில் வைத்தார். மேஜைக்குப் போய், பிரிக்காத சமூசாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளை கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார். "எங்க வீட்டுல யாருக்கும் பசிக்கலை."

கலாவுக்கு மாமனார்மேல் அதுநாள்வரை இருந்த கசப்பெல்லாம் அந்த இடத்திலேயே பாதியாகிவிட்டது.

சுந்தர் போகவில்லை. பொட்டலத்தைப் பிடித்தபடி நின்று யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். எடுப்பார் இல்லை.

ஆறேகாலுக்கு இன்னொரு படம் வந்தது. கிடங்கின் பெயர் போட்ட வண்டி. சாம்பல் சட்டைக்காரர் ஒருவர். அவர் கையில் சின்னத் தாள், அதில் அவசரக் கையெழுத்தில் 'ஸோ மின்'.

'கலா, இந்தப் பேர்லதான் வந்திருக்காங்க. கேட்டதும் கரெக்டா சொன்னாங்க. போகலாமா?'

இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு அனுமதி கேட்கிறார் பாருங்கள். கலா அழுதுகொண்டே சிரித்தாள். 'போங்க. பாஸ்போர்ட் உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும்' என்று எழுதினாள்.

அந்த நேரம் பால்கனியில் மணி அடித்தது.

ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். பேப்பர்காரனும் காய்கறிக்காரியும் மாடியேறாமல் இழுத்து மணியடித்து, கிளிப்பில் மாட்டி அனுப்புவார்கள். இந்நேரத்தில் யார் என்று கலா எட்டிப் பார்த்தாள்.

தெருவில் கலைமணி நின்றாள். கையில் பெட்டி.

"அண்ணி! கயித்தை இழுங்க!"

"மேல வாடி!"

"அவரு மேல இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப நான் படியிலயே உக்காந்துக்கறேன், அவரு எறங்கி ஓடாம. அவரு அலமாரியில இருந்து எடுத்தேன். படிங்க, சத்தமாப் படிங்க!"

கலா கயிற்றை மேலே இழுத்தாள். கிளிப்பில் மடித்த ஒரு தாள். சுந்தரின் கையெழுத்து. வரிசையாக ஐந்து பெயர்கள்: நல்லப்பன், உஸாமா, தவ்ஹீத், சுரேந்திரன், ராம். முதல் மூன்றுக்கும் பக்கத்தில் சரி என்று குறி போட்டிருந்தது. நான்காவதற்குக் குறி இல்லை. ஐந்தாவதற்கு எதிரில் வரும் வியாழக்கிழமைத் தேதி.

ராம் என்பது கலாவின் சொந்தத் தம்பி. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் இருக்கிறான். வெளிநாடு போவதாக அவன் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அதைக் குடு!" சுந்தர் பாய்ந்து வந்தான்.

பால்கனிக் கதவில் ராஜரத்தினம் நின்றுகொண்டார். மெலிந்த மனிதர். தள்ளினால் விழுந்துவிடுவார். ஆனாலும் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையில், தள்ளச் சுந்தருக்குத் துணிவு வரவில்லை.

ஐந்தும் வீட்டுப் பெயர். இந்தப் பெயர்களைச் சொல்லி எந்த ஆபீஸில் தேடினாலும் அப்படி ஆளே இல்லை என்பார்கள். இவை யாருடைய பெயர் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்கள் இந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள்.

கலா கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"நல்லப்பன்! நல்லப்பன் யாரு வீட்டுப் புள்ளை?"

தெருவில் டீக்கடை முக்காலியில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எதிர் மாடிகளில் ஒன்றிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"சுந்தர் மூலமா வெளிநாடு போன நல்லப்பன்! பெத்தவங்க யாரு?"

எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. மாவு படிந்த கையோடு ஆவுடையம்மாள் நின்றாள். இட்டலி சுட்டு விற்கிறவள். இரண்டு மாதமாக யாரோடும் அதிகம் பேசாதவள்.

"என் மவன்தான்!" என்றாள். "போனே வரலை. வேலை ஜாஸ்தி, பேச நேரமில்லைன்னு சுந்தர்தான் சொல்லிட்டிருந்தாரு. என்னாச்சு தாயி?"

"கண்டுபிடிக்கணும்மா! அவனோட மப்பொன்டின் பேரைச் சொல்லுங்க!"

ஆவுடையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பெயரை அவள் பள்ளிக்கூட வாசலிலும் ஆபீஸ் ஜன்னலிலும் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

"ஸா லின்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "ஸா லின்! என் மவன் பேரு ஸா லின்!"

கலா தாளைச் சுவரில் வைத்து, நல்லப்பன் என்பதற்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினாள். பிறகு நிமிர்ந்து, இன்னும் உரக்க, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.